சுவரோரம் நின்ற வாஷிங் மெஷின்

எங்கள் வீட்டுச் சாமான்களில் பாதிக்கு மேல், திருப்பதியில் யாரோ ஒருவர் வேண்டாம் என்று தெருவில் வைத்துவிட்டுப் போனவை. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் வண்டியில் நைனா, அதாவது என் அப்பா, அங்கே வேலை பார்த்தார். திருப்பதியில் வாடகைக்கு இருப்பவர்கள் ஓரிடத்தில் நிலைத்து இருப்பதில்லை. படிக்க வந்த பிள்ளைகள் பரீட்சை முடிந்ததும் வாளி, கண்ணாடி, ஸ்டூல் எல்லாவற்றையும் ஹாஸ்டல் வாசலிலேயே போட்டுவிட்டு ரயிலேறிவிடுவார்கள். குடும்பக்காரர்கள், வண்டியில் இடம் போதாத சாமானைக் காம்பவுண்டுச் சுவரோரம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். நைனா திரும்பிப் பார்ப்பார்.

அப்படி வந்ததுதான் எங்கள் துணி அலமாரி. உண்மையில் அது ஒரு பிரிட்ஜ். அதை மட்டும் நைனாவால் ஓட வைக்க முடியவில்லை. அதனால் மேல்தட்டில் அம்மாவின் புடவைகளும், காய்கறிப் பெட்டியில் என் யூனிபாரமும், முட்டைக் குழிகளில் என் வளையல்களும் குடியேறின. வெயில் காலத்தில் அதன் கதவைத் திறந்து நான் கொஞ்ச நேரம் எதிரில் நிற்பேன். குளிர்வதுபோலவே இருக்கும்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் நைனாவுக்குக் கண்டிப்பு உண்டு. பாய், தலையணை, செருப்பு, துடைப்பம் தொடமாட்டார். சாமி படம் கிடந்தால் எடுத்துத் துடைத்து ஒரு மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு வருவார். வீட்டுக்காரர்களைக் கேட்காமல் ஒரு ஆணியைக்கூட எடுத்ததில்லை. வாரக்கடைசியில் ஊருக்கு வரும்போது அவர் கையில் ஏதாவது ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்குப் போகும்போது அது ஓடிக்கொண்டிருக்கும்.

எங்கள் கிராமம் விஜயபுரம் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருந்தது. ஏரிக்கரை தாண்டினால் அடுத்த ஊரில் என் சித்தி வீடு. அம்மாவுக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். அவர்களைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லை. அப்படி இருந்தும், இந்த நினைவு தொடங்குகிற காலத்தில் எங்கள் வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும் பேச்சு இல்லை.

அதற்குக் காரணம் ஒரு சுவர்க்கடிகாரம். சித்தி வீட்டார் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, நைனா மரச்சட்டம் போட்ட ஒரு கடிகாரத்தை வார்னிஷ் அடித்து, உள்ளே புதிதாக இயந்திரம் போட்டு, பேப்பர் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். சித்தப்பா வாய்த்துடுக்குக்காரர். வந்திருந்த கூட்டத்தின் நடுவில் அதைத் தூக்கிப் பிடித்து, "எந்தக் குப்பையில எட்தாந்த சகலை? இது எங்க நேரத்தக் காட்டுமா, தூக்கிப் போட்டவன் நேரத்தக் காட்டுமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். பிறகு பந்தியில் உட்காராமல் எங்களை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏரிக்கரையில் வரும்போது, "அந்த ஊட்டு வாசப்படிய இனிமே என் காலு மிதிக்காது" என்றார். சித்தி அன்றைக்கே கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டாள் என்பதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நைனா அம்மாவைப் போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவும் போகவில்லை. "என் புருசனத் துன்னாம அனுப்பின ஊட்ல எனுக்கு இன்னா வேல?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஆனால் தண்ணீர்த்தொட்டி யாருடைய வீடும் இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு விவசாயியின் மோட்டார் கொட்டகையும் சிமெண்டுத் தொட்டியும் இருந்தன. வயலுக்குக் கரண்டு விடும் நேரத்தில் மோட்டார் ஓடும். அந்த நேரம் பார்த்து இரண்டு ஊர்ப் பெண்களும் அழுக்குத் துணியோடு அங்கே போவார்கள். சித்தியும் வருவாள். அக்காவும் தங்கையும் ஒரே கல்லில் எதிரும் புதிருமாகக் குனிந்து துவைப்பார்கள். துவைப்பதைவிடப் பேசுவது அதிகம். லீவு நாள்களில் நானும் போய்த் தொட்டியில் இறங்கிவிடுவேன். சித்தி எனக்காக முந்தானையில் வேர்க்கடலை முடிந்து வந்திருப்பாள். அம்மா அழுக்குத் துணிமூட்டைக்குள் ஒரு தூக்குப்பாத்திரத்தை ஒளித்துக் கொண்டுபோவாள். அதில் சில நாள் மீன் குழம்பு, சில நாள் புளிச்சோறு. சித்தி ஈரக்கையோடு அதை வாங்கி, அங்கேயே கல்மேல் உட்கார்ந்து சாப்பிடுவாள். சித்தப்பா சித்தூரில் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை செய்தார். வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். சித்தி அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள்.

இதை நைனாவிடம் சொல்லாதே என்று அம்மா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நைனாவும் கேட்டதில்லை. அதனால் நானும் சொன்னதில்லை.

இந்தத் தொட்டிக்குப் போய்வருவதில் ஒரு சங்கடம் இருந்தது. அம்மாவின் கைக்குச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை. விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருக்கும். குழம்பு பட்டால் எரியும் என்று சோற்றை ஸ்பூனால் பிசைந்து சாப்பிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பின் சீட்டில் நைனாவும், அவர் கட்டிப்பிடித்திருந்த ஒரு வெள்ளைப் பெட்டியும் இருந்தார்கள். பெட்டியின் மேல் இரண்டு ஓட்டை. ஒன்றுக்கு மூடி இல்லை. தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிட்டோம்.

"இது இன்னாய்யா, ரெண்டு வாய் வெச்ச டிரம்மு?" என்றாள் அம்மா.

"துணி தொவைக்கிற மெஷின்" என்றார் நைனா. "இனிமே உன் கை சோப்புல படாது."

பெரிய அபார்ட்மெண்டில் வீடு காலி செய்த ஒரு அம்மாள் அதைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, "பனி செய்யது, தீஸ்கோ" என்று தெலுங்கில் சொன்னாளாம். வேலை செய்யாது, எடுத்துக்கொள் என்று அர்த்தம். வேலை செய்யாது என்ற சொல்லைக் கேட்டால் நைனாவுக்கு ஒரு துள்ளல் வரும். அன்றைக்கும் வந்திருந்தது.

அம்மா அந்த மெஷினைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நான் நினைத்தேன். நைனாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

அதைச் சரிசெய்ய அவருக்குச் சில ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. உள்ளே எலி ஒயரைக் கடித்திருந்தது. பெல்ட் அறுந்திருந்தது. நகரியில் தறிக்கூடத்தில் வேலை செய்த சிநேகிதரிடம் ஒரு பழைய பெல்ட் கேட்டு வாங்கி, வெட்டி ஒட்டி மாட்டினார். இல்லாத மூடிக்குப் பிளைவுட் பலகையை வட்டமாக அறுத்தார். சக்கரங்கள் இல்லாததால் செங்கல்மேல் நிறுத்தினார். துவைக்கிற தொட்டியின் அடியில் சுழலும் ஒரு தட்டு உண்டு. அதைக் கழற்றியபோது மணலும், சட்டைப் பொத்தான்களும், ஒரு கைக்குழந்தையின் ஒற்றை சாக்ஸும் கிடைத்தன. அந்த சாக்ஸைக்கூட அவர் துவைத்துக் கொடியில் போட்டார்.

முதன்முதலில் அது ஓடிய நாளில் தெருவே எங்கள் வாசலில் நின்றது. மெஷின் ஆடிக்கொண்டே செங்கல்லை விட்டு இறங்கி நடக்கப் பார்த்தது. நைனா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். என் யூனிபாரம் நுரையோடு வெளியே வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம், "குடுத்து வெச்சவடி நீ" என்றாள். அம்மா தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அம்மா தொட்டிக்குப் போகவில்லை. எப்படிப் போவாள்? அழுக்குத் துணி இல்லாமல் அங்கே யாரும் போவதில்லை. காலையில் மூட்டையோடு போகிற பெண்கள், "இன்னா மெஷின்காரம்மா, எங்க கூடல்லாம் வருவியா?" என்று கேலி பேசிக்கொண்டு போவார்கள். அம்மா சிரிப்பாள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருப்பாள். பிறகு உள்ளே வந்து மெஷினுக்குத் தண்ணீர் ஊற்றுவாள்.

இரண்டாவது வாரமே மெஷின் கெட்டது. கரகரவென்று பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம், அப்புறம் நின்றுவிட்டது. அம்மா உடனே துணியெல்லாம் அள்ளி மூட்டை கட்டினாள். அந்த வாரம் முழுக்கத் தொட்டிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை நைனா தட்டைக் கழற்றினார். அடியில் ஒரு ஹேர்பின் சிக்கியிருந்தது. எடுத்துப் போட்டார், ஓடியது. அடுத்த வாரம் மறுபடியும் சத்தம், மறுபடியும் மூட்டை. இந்தமுறை ரவிக்கைக்குக் குத்தும் ஊக்கு. அதற்கடுத்த வாரம் மறுபடியும் ஹேர்பின். நைனா ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து பிரித்தார். அம்மா பக்கத்தில் டீயை வைத்துவிட்டு, "பாவம், ஒரு நாளு லீவுலயும் இதுங்கூடவே மாரடிக்கிற" என்பாள். குரலில் உண்மையாகவே இரக்கம் இருக்கும். அவள் விரல்கள் மறுபடியும் சிவந்திருந்தன. தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள்.

ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அம்மா மெஷின் எதிரில் நின்று கொண்டையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த ஹேர்பின் மெஷினுக்குள் விழுந்தது.

"அம்மா, பின்னு உள்ள வுழுந்துடிச்சி" என்றேன்.

"வுழுந்தா வுழட்டும், வுடு" என்றாள். பிறகு திருகியைத் திருப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கரகர சத்தம் கேட்டது. எனக்கு மெஷின்மேல் பரிதாபமாக இருந்தது. அம்மாவின் முடி எண்ணெய் வைத்து வைத்து வழுக்குகிறது, அதனால்தான் பின் நிற்பதில்லை என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கடைக்குப் போயிருந்தாள். நைனா தட்டைக் கழற்றி, பின்னை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்டுபிடிப்பை அவரிடம் சொல்ல இதுதான் சமயம் என்று எனக்குப் பட்டது.

"அம்மா தலையில பின்னே நிக்கமாட்டுது நைனா. எண்ண வெக்கிறாங்க இல்ல, வழுக்கிக்கினு வந்து உள்ள வுழுந்துடுது. நானே பாத்தன்."

நைனா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எப்ப வுழுந்துச்சி? மெஷினு ஓடசொல்லயா?"

"இல்ல, அதுக்கு முன்னாடியே. நான் சொன்னன். வுழட்டும்னு சொல்லிட்டாங்க."

அவர் பின்னைத் தரையில் வைத்துவிட்டு, தட்டைத் துணியால் துடைத்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"தொட்டியாண்ட யாரெல்லாம் வர்றாங்க பாப்பா?"

எனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். நடுவில் சித்தியையும் சொன்னேன். அவர் கை நின்றது. அவருக்குக் கதை பிடித்துவிட்டது என்று நினைத்து, நான் உற்சாகமாக மேலும் சொன்னேன்.

"சித்திக்கு வயிறு இம்மாம் பெருசா ஆயிடிச்சி நைனா. குனியவே முடியல. அவங்க துணியையும் அம்மாதான் தொவைக்கிறாங்க. அம்மா சோறு எட்துகினு போவாங்க, சித்தி துன்னும்போது அழுவாங்க. காரம் போல கீது."

சித்தி உண்டாகியிருக்கிறாள் என்பதே நைனாவுக்கு அப்போதுதான் தெரிந்தது என்பதை நான் எப்படி அறிவேன்? நான் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டே போனேன். அவர் மெஷினை மூட்டினார். ஒவ்வொரு ஸ்குருவையும் வழக்கத்தைவிட மெதுவாக முடுக்கினார்.

அம்மா கடையிலிருந்து திரும்பியபோது நைனா முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றிருந்தார். "இந்த ஊரு தண்ணி ஒரே உப்பு. மெஷினுக்கு ஆவல" என்றார். "அதான் அடிக்கடி நின்னுப்போது."

அம்மா பையைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"உன் தங்கச்சி ஊட்டாண்ட தண்ணி நல்லா கீதுன்னு சொல்வாங்க. அங்க கொண்டு போய்ப் போட்டா நல்லா ஓடும். நம்ம துணியையும் அங்கியே எட்துகினு போய்த் தொவைச்சிக்கோ. வாரத்துக்கு ரெண்டு வாட்டி போ, மூணு வாட்டி போ. யாரு கேக்கறது?"

அம்மா உள்ளே போய்விட்டாள். பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் மூடுகிற சத்தம் கேட்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். புடவை எடுப்பதுபோல அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

எனக்கோ அடக்கமுடியாத கோபம். எல்லாரும் கைதட்டிய எங்கள் மெஷினை, நைனாவைக் கேலி பேசியவர்கள் வீட்டுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? உப்புத் தண்ணீர் என்கிற காரணத்தையும் என்னால் ஏற்கமுடியவில்லை. நாங்கள் அதைத்தானே குடித்துக்கொண்டிருந்தோம்?

அன்றைக்குச் சாயங்காலமே மாட்டுவண்டியில் மெஷினை ஏற்றினோம். நைனா முன்னால் நடந்தார். அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம். சித்தி வீட்டு வாசலில் வண்டி நின்றதும் சித்தப்பா லுங்கியோடு வெளியே வந்தார். பின்னாலேயே சித்தி, இடுப்பில் கைவைத்தபடி. சித்தப்பாவின் கண் மெஷின்மேல் போனது, பிளைவுட் மூடிமேல் போனது, அடுக்கி வைத்திருந்த செங்கல்மேல் போனது. இப்போது ஏதாவது சொல்லிவிடுவார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"குப்பையில எட்தாந்ததுதான்" என்றார் நைனா, தானே முந்திக்கொண்டு. "ஆனா ஓடும். அந்தப் பொண்ணு இனிமே குனியக் கூடாது."

சித்தப்பா வாயைத் திறந்தார். எப்போதும் ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு வைத்திருப்பவர் அவர். தலையைச் சொறிந்துகொண்டு, "கனமா கீதா சகலை?" என்று மட்டும் கேட்டார்.

"கனந்தான். நீ உள்ள எட்துகினு போ. நான் இங்கியே நிக்கறன்."

சித்தப்பா கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஒற்றை ஆளால் முடிகிற காரியமா? ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் சாய்ந்தது. அம்மா கைகொடுக்கப் போனாள். "நீ வுடு" என்றார் நைனா. வண்டிக்காரரைப் பார்த்தார், அவர் மாட்டைப் பிடித்திருந்தார். கடைசியில் நைனாவே ஒரு முனையைப் பிடித்தார். வாசல் குறுகல். ஒருவர் முன்னால் போனால்தான் மெஷின் நுழையும். நைனா பின்பக்கமாகவே நடந்தார். முகம் எங்களைப் பார்த்திருக்க, முதுகை முதலில் நுழைத்து, குதிகாலால் படியைத் தடவித் தடவி, அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே போனார்.

"பாத்து, பாத்து சகலை, படி" என்றார் சித்தப்பா.

நைனா சொன்ன சொல் தவறாதவர். அதனால் பின்பக்கமாக நுழைந்தால் சபதத்துக்குக் கணக்கு கிடையாது என்றுதான் நான் முடிவு செய்தேன். நெடுநாள்வரை அதை ஒரு சட்டம்போல நம்பியும் வந்தேன்.

அன்று அங்கேயே சாப்பிட்டோம். சித்தப்பா நைனாவின் இலையில் முட்டையை வைத்தார். நைனா வேண்டாம் என்றார், அவர் மறுபடியும் வைத்தார். இரண்டு பேரும் மழையைப் பற்றியும் வேர்க்கடலையைப் பற்றியும் பேசினார்கள். பழைய பேச்சு எதுவும் எழவில்லை. மன்னிப்பு என்ற சொல்லும் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனாவின் போன் அடித்தது. சித்தப்பாதான். அவர் சத்தமாகப் பேசுகிறவர் என்பதால் எனக்கும் கேட்டது.

"சகலை, மெஷினு நின்னுப்போச்சி."

"சத்தம் வருதா? பெல்ட்டு கழண்டிருக்கும். பின்னாடி நாலு ஸ்குருதான், நீயே மாட்டிடலாமே. அங்க பேக்டரில எவ்ளோ பெரிய மோட்டார்லாம் நீ பாக்கற!"

"அது வேற, இது வேற சகலை. எனுக்கு ஒண்ணும் புரியல. நீ வந்து பாத்தாதான் ஆச்சி. கோழி அட்சிக் கீது, அல்லாரும் இங்கியே துன்லாம் வாங்க."

நைனா போனை வைத்தார். பிறகு ஸ்குரு டிரைவர் பையை எடுத்தார். கிரீஸில் கைவைக்கப் போகிறவர், என்ன நினைத்தாரோ, பண்டிகைக்கு எடுத்த சட்டையை மாட்டிக்கொண்டார். அம்மா சிரித்தாள். அதே வேகத்தில் தானும் நல்ல புடவையாக ஒன்றை உருவினாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "குடுத்து ஒரு வாரம்கூட ஆவல. கெட்துட்டாங்களே!" என்று கத்தினேன். அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டு, இன்னும் அதிகமாகச் சிரித்தாள். "கெடட்டும் வுடுடி" என்றாள்.

ஏரிக்கரையில் அவர்கள் இருவரும் ஏதோ பேசிக்கொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்கள். நின்றுபோன மெஷினுக்காக அங்கே என்னைத் தவிர யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. இந்தப் பெரியவர்களுக்கு ஒரு பொருளின் அருமையே தெரியாது என்று எண்ணிக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்தபடி நான் அவர்கள் பின்னால் போனேன்.